கெப்பை இறக்க முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்



பதிவு கொஞ்சம் நீளம். கெப் வைத்திருப்பவர்களும், கெப் ஓடும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

ஊரில் இப்போது ஒரு பழைய ஹைலக்ஸ் கைக்கு வந்தால் பொடியன்கள் செய்யும் முதல் வேலை அதை லோ பண்ணுவதுதான். காலையில் கராஜில் விட்டால் பின்னேரம் வண்டி பதிந்து வருகிறது. அழகாகத்தான் நிற்கிறது, அதை மறுக்க மாட்டோம். ஆனால் மூன்று மாதம் போகமுன் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் வழுக்கையாகிவிடுகிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. "எலைமென்ட் நிக்குதில்ல மச்சான்" என்று கடை கடையாக அலைகிறார்கள்.

வண்டியை இறக்குவது பாதி வேலைதான். ஸ்டியரிங், பிரேக், டயர், வெளிச்சம் எல்லாவற்றையும் அந்தப் புதிய உயரத்துக்குத் திரும்பச் சரிப்படுத்துவது மீதிப் பாதி. முதல் பாதி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அதற்குக் காசு கொடுக்கிறோம். மற்றது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் விட்டுவிடுகிறோம். ஆபத்து இருப்பது அங்கேதான்.

நாங்கள் என்றால் காக்கா தம்பி இரண்டு பேர். மூத்தவர் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். இளையவர் வாப்பா விட்டுப்போன ஹைலக்ஸில் நெல்லும் தேங்காயும் ஏற்றிப் பிழைக்கிறார். 1990களின் வண்டி, பின்சில்லு மட்டும் இழுக்கும் வகை. இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. உம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அதில்தான்.

தம்பிக்கு அதை இறக்க நெடுநாள் ஆசை. "காக்கா, ரெண்டு இஞ்சி இறக்கினாப் போதும். மூட்டை ஏத்தவும் லேசு, வளைவுல சரியவும் மாட்டாது" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கெப் என்பது பாரம் ஏற்றச் செய்த வாகனம். பின் ஸ்பிரிங் தகடுகள் பாரத்தைத் தாங்கும்படி விறைப்பாக இருப்பதால் வெறும் பெட்டியோடு நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பாரத்தின் மையம் தரைக்குக் கிட்ட வந்தால் வளைவில் சரிவது குறையும். ஏறி இறங்க உம்மாவுக்கும் லேசு.

உம்மாதான் பயந்தார். "இறக்குறண்டா இறக்குங்க மகன். ஆனா அந்தப் பொடியனுக்கு நடந்தது நமக்கு நடக்கப்படாது" என்றார். எந்தப் பொடியன், என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறோம். அதற்காகத்தான் இந்தப் பதிவே.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பழைய பாடம்: தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ. ஆகவே அளவுநாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு தெரிந்ததிலிருந்து தொடங்கினோம்.

முதலில் அளந்தோம்

வீட்டு முன்றலில் மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் மட்டக் குழாயைப் பிடித்து மட்டமான சீமெந்துத் தரை ஒன்றைத் தேடி அதில் வண்டியை நிறுத்தினோம். நான்கு டயருக்கும் சரியான காற்று. பிறகு ஒவ்வொரு சில்லின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதினோம். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் தேய்ந்தாலும் காற்றுக் குறைந்தாலும் அந்த அளவு மாறிவிடும். சில்லின் மையத்திலிருந்து அளந்தால் சஸ்பென்ஷனின் உயரம் மட்டும் தெரியும்.

அதோடு கைகளின் பம்ப் ஸ்டொப் இறப்பருக்கும் கைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தோம். சில்லு மேலே வர எஞ்சியிருக்கும் இடம் அதுதான். எவ்வளவு இறக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியது அந்த இடைவெளி. கராஜில் நிற்கும் மற்ற வண்டியைப் பார்த்து முடிவெடுத்தால் பள்ளிவாசல் முன்னாலுள்ள ஹம்ப்பில் முதல் தடவை ஏறும்போதே இரும்பு இரும்பில் மோதும். நாங்கள் பாதி இடைவெளியாவது மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கணக்கு முன்னுக்கு 40 மில்லிமீற்றர், பின்னுக்கு 50 மில்லிமீற்றர் என்று வந்தது. தம்பியின் இரண்டு இஞ்சிக்குக் கிட்டத்தான்.

அடுத்து போல் ஜொயின்ட், புஷ், டை ரொட் முனைகள், சில்லுப் பெயாரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தோம். இரண்டு டை ரொட் முனையும் ஒரு பக்கக் கீழ்ப் போல் ஜொயின்ட்டும் தேய்ந்திருந்தன. அவற்றை முதலில் மாற்றினோம். ஆடுகிற மூட்டில் செய்த எலைமென்ட் அந்த மெஷினை விட்டு இறங்கும்வரைதான் நிற்கும். இறக்க முன்னரே ஒருதரம் எலைமென்ட் மெஷினில் ஏற்றி இருந்த அளவுகளையும் எடுத்துவைத்தோம். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் பின்னர் எது மாறியது என்று சொல்ல முடியாது.

முன்பக்கம்

இந்தக் காலத்து ஹைலக்ஸில் முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டோர்ஷன் பார் என்ற நீண்ட உருக்குக் கம்பி இருக்கிறது. நனைந்த சாரனை இரண்டு பேர் பிடித்து முறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சில்லைத் தாங்கும் கையில், மறு முனை செசியில். சில்லு மேலே வரும்போது கம்பி முறுகுகிறது. முறுக்கம் திரும்ப விடுபடப் பார்ப்பதுதான் ஸ்பிரிங். செசிப் பக்கத்தில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் தளர்த்தினால் வண்டி இறங்கும். 2004இல் வந்த வீகோ தலைமுறையில்தான் ஹைலக்ஸின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. அந்த வண்டிக்கு வேறு முறை, அளவான குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போட வேண்டும்.

டோர்ஷன் பார் வண்டியை இறக்கப் பொருள் ஒன்றும் வாங்கத் தேவையில்லை, ஸ்பானர் போதும். பொடியன்கள் ஏமாறுவதும் அந்த லேசில்தான். போல்ட்டைத் தளர்த்தினால் கம்பியின் விறைப்பு மாறாது, வண்டியின் உயரம் மட்டும்தான் மாறும். அதே விறைப்போடு முன்பைவிடக் குறைந்த இடத்துக்குள் சில்லு வேலை செய்ய வேண்டும். ஆகவே அளவு மீறி இறக்கினால் பம்ப் ஸ்டொப்பில்தான் ஓடும். சிலர் அந்த இறப்பரையே கழற்றி எறிகிறார்கள். செய்யாதீர்கள். குட்டை இறப்பர் போடலாம், இறப்பரே இல்லாமல் ஓடக் கூடாது.

எங்கள் முறை இதுதான். ஜக்கில் உயர்த்தி, செசிக்குக் கீழ் ஸ்டான்ட் கொடுத்து, பாரம் இல்லாத நிலையில் போல்ட்டைத் தளர்த்துவோம். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே புகவில்லை. இறக்கியதும் அளக்க மாட்டோம். வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஒரு சுற்று ஓடிவந்த பிறகுதான் அளப்போம். ஜக்கிலிருந்து இறக்கியவுடன் டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை முழுதாக இறங்க விடாது. இரு பக்கமும் சுற்றிய சுற்று சமமாக இருக்க வேண்டும் என்றில்லை, மில்லிமீற்றர்தான் சமமாக இருக்க வேண்டும். எங்களுக்கு இடப்பக்கம் கூடுதலாக ஒன்றரைச் சுற்று தேவைப்பட்டது. மூன்று தரம் இறக்கி, ஓடி, அளந்த பிறகுதான் இரு பக்கமும் ஒத்து வந்தது.

பின்பக்கமும் அந்தப் பொடியனும்

பின்பக்கத்தை இறக்க ஊரில் நான்கு வழி நடக்கிறது. ஸ்பிரிங் தகட்டை காஸ் அடித்துச் சூடாக்கிப் பதிப்பது முதலாவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த உருக்குக்கு ஆலையில் கொடுத்த பதம் போய்விடும், பிறகு பாரத்தில் முறியும். இரண்டாவது, தகடு ஒன்றைக் கழற்றுவது. வண்டி இறங்கும், பாரம் தாங்கும் சக்தியும் கூடவே இறங்கும். நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது ஆகாது. மூன்றாவது, குறைந்த வளைவுள்ள தகட்டை அளந்து செய்து போடுவது. நல்ல வழி, செலவு அதிகம். நான்காவது, எக்ஸலுக்கும் தகட்டுக்கும் இடையில் இரும்பு புளொக் வைத்து நீளமான யூ போல்ட்டால் இறுக்குவது.

புளொக் வைக்க முன் குனிந்து பாருங்கள். எக்ஸல் தகட்டுக்கு மேலே இருந்தால் இடையில் வைக்கும் புளொக் எக்ஸலை மேலே தள்ளும், வண்டி இறங்கும். எக்ஸல் தகட்டுக்குக் கீழே இருந்தால் அதே புளொக் வண்டியை உயர்த்திவிடும். எங்கள் வண்டியில் எக்ஸல் மேலே, ஆகவே 50 மில்லிமீற்றர் புளொக் போட்டோம். புளொக்கின் நடு முனை தகட்டின் நடுப் போல்ட் குழியோடு சரியாகப் பொருந்த வேண்டும். யூ போல்ட் புதிதாகத்தான் இருக்க வேண்டும். இறுக்கிவிட்டு நூறு இருநூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

புளொக் இரு பக்கமும் ஒரே மாதிரி உட்காராவிட்டால் பின் எக்ஸல் கொஞ்சம் சரிந்து நிற்கும். அப்போது வண்டி நேராகப் போக முன்சில்லுகள் திரும்பி நிற்க வேண்டும். ஸ்டியரிங் வளைந்தே இருக்கும். முன்பக்கத்தில் எவ்வளவு எலைமென்ட் செய்தாலும் அது தீராது. இடப்பக்க முன்சில்லின் மையத்துக்கும் பின்சில்லின் மையத்துக்கும் இடைத்தூரம் பாருங்கள், வலப்பக்கமும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். தரம் 10 பிள்ளைகள் செவ்வகத்தின் மூலைவிட்டங்களைச் சரிபார்ப்பது போலத்தான்.

இப்போது அந்தப் பொடியனின் கதைக்கு வருவோம். எங்களிடம் படித்தவன், பெயர் வேண்டாம். அவனும் பின்பக்கத்தை நன்றாக இறக்கியிருந்தான். மாரி மழை. வயல் நடுவில் வளைவு. பெட்டியில் பாரம் இல்லை, கூட்டாளிமார் இரண்டு பேர் மட்டும் ஏறியிருந்தார்கள். முன்னால் மாடு குறுக்கிட பிரேக் அடித்தான். முன்சில்லு பிடிக்க முன் பின்சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி பம்பரம்போல் திரும்பி வாய்க்காலுக்குள் போனது. ஒருவனுக்குக் கால் முறிந்தது, இன்னொருவன் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

வேகம் என்றார்கள், டயர் என்றார்கள். வேகமும் ஒரு காரணம்தான். ஆனால் வண்டியைத் தூக்கி எடுத்த பிறகு ஒரு நல்ல பாஸோடு நாங்களும் கீழே படுத்துப் பார்த்தோம். பின் எக்ஸலிலிருந்து செசிக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது போய்ச் சேரும் இடத்தில் பிரேக் எண்ணெய் வால்வு ஒன்று இருக்கும். பெட்டியில் பாரம் ஏறினால் செசி இறங்கி எக்ஸலுக்குக் கிட்ட வரும். கம்பி அதை வால்வுக்குச் சொல்லும். "பாரம் ஏறியிருக்கிறது, பின் பிரேக்குக்குக் கூட அழுத்தம் விடு" என்பது அதன் கருத்து. பாரம் இல்லாதபோது பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைத்து விடும், பின்சில்லு பூட்டாமல் இருக்க.

வண்டியை இறக்கியதும் செசி நிரந்தரமாக எக்ஸலுக்குக் கிட்ட வந்துவிட்டது. பாவம் அந்தக் கம்பிக்கு என்ன தெரியும்? எப்போதும் பாரம் ஏறியிருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருந்தது. வெறும் பெட்டி, ஈரத் தார், பின்சில்லுக்கு முழு அழுத்தம். இறக்கிய கராஜில் அந்தக் கம்பியை யாரும் தொட்டிருக்கவில்லை.

உங்கள் கெப்பில் அந்த வால்வு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், இறக்கிய அளவுக்கேற்பக் கம்பியின் பிடியை மாற்றி, முன் பின் அழுத்தத்தைச் சேவிஸ் புத்தகத்தில் உள்ளபடி அழுத்தமானி வைத்துச் சரிசெய்ய வேண்டும். கண் மதிப்பில் விடக் கூடாது. எங்கள் வண்டிக்கு அந்த வேலைக்கு அரை நாள் போனது. முழு வேலையிலும் நாங்கள் யோசிக்காமல் காசு கொடுத்தது இதற்குத்தான்.

எலைமென்ட்: மூன்று கோணம்

மூன்று சொற்களைப் பொடியன்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அர்த்தம் தெரிந்தவர்கள் குறைவு.

கேம்பர்: முன்னால் நின்று பார்த்தால் சில்லு உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது. மேற்கை குட்டை, கீழ்க்கை நீளம். ஆகவே வண்டி இறங்கும்போது மேற்கை சில்லின் தலையை உள்ளே இழுக்கும். டயரின் உள்விளிம்பு கூடுதலாகத் தேயும்.

காஸ்டர்: பக்கவாட்டில் நின்று பார்த்தால் சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பது போல. கையை விட்டாலும் ஸ்டியரிங் நேருக்கு வரச் செய்வது இதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் சில்லிடைத் தூரம் ஏறத்தாழ 2.8 மீற்றர் என்று எடுங்கள். முன்பக்கத்தை மட்டும் 50 மில்லிமீற்றர் இறக்கினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ ஒரு பாகை முன்னுக்குக் கவிழ்கிறது. அந்த ஒரு பாகையும் காஸ்டரில் குறைகிறது. முன்பக்கத்தை மட்டும் பதித்த வண்டிகள் காபட் வீதியில் வேகம் பிடித்ததும் அலைவது இதனால்தான். நாங்கள் முன்னுக்கு 40, பின்னுக்கு 50 இறக்கியதால் வித்தியாசம் 10 மில்லிமீற்றர்தான். ஒரு பாகையில் ஐந்தில் ஒன்று.

டோ: மேலிருந்து பார்த்தால் இரு முன்சில்லும் ஒன்றுக்கொன்று சமாந்தரமா, முன்னுக்கு ஒடுங்கியதா, விரிந்ததா என்பது. டயரை விழுங்குவது பெரும்பாலும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். இறக்கிய பிறகு எங்கள் வண்டியின் டோ 6 மில்லிமீற்றர் மாறியிருந்தது. இரண்டு டயருக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 3. டயரின் விட்டம் ஏறத்தாழ 650 மில்லிமீற்றர். 650க்கு 3 என்றால் 1000க்கு 4.6. அதாவது ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் கணக்குப்படி 4.6 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு 46 கிலோமீற்றர். டயரைக் குறுக்கே பிடித்துக் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை தேய்த்துக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்? அதுதான் மூன்று மாதத்தில் நடக்கிறது.

டோ ஒருதரம் சரிசெய்தாலும் போதாது, இன்னொன்று இருக்கிறது. டை ரொட் என்பது ஒரு முனை நிலையாக, மறு முனை மேலும் கீழும் போகும் ஒரு ஆரை. அதன் நீளம் 300 மில்லிமீற்றர் என்று வைப்போம். கிடையாக நிற்கும்போது வெளிமுனை 50 மில்லிமீற்றர் மேலே போனால் பைதகரஸ் தேற்றப்படி அது உள்ளே வரும் தூரம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். ஆனால் வண்டியை இறக்கியதால் ரொட் ஏற்கெனவே 50 மில்லிமீற்றர் மேலே சரிந்து நிற்கிறது என்றால், அடுத்த 50க்கு உள்ளே வருவது 13 மில்லிமீற்றர். மூன்று மடங்கு. நம்பாதவர்கள் செங்கோண முக்கோணி கீறிப் பாருங்கள், செம்பக்கம் 300.

சில்லைத் தாங்கும் கைகளும் இதேபோல் வில் வரைகின்றன. இரண்டு வில்லும் ஒன்றாகப் போகும்படி கம்பனி அமைத்தது பழைய உயரத்துக்கு. அளவு மீறி இறக்கினால் இரண்டும் பிரிந்துவிடும். பள்ளத்தில் விழும்போதும் ஹம்ப்பில் ஏறும்போதும் ஸ்டியரிங்கைத் தொடாமலே சில்லு திரும்பும். எந்த எலைமென்ட் மெஷினும் இதைச் சரிசெய்யாது, நிற்கும் வண்டியைத்தான் மெஷின் பார்க்கிறது. இதற்கு மருந்து இரண்டு இஞ்சியோடு நிறுத்திக்கொள்வதுதான்.

கடைக்குப் போகும்வரை டயரைக் காப்பாற்ற வீட்டிலேயே டோவை ஓரளவு வைத்தோம். சில்லின் மைய உயரத்தில் இரு டயரின் முன்பக்கத்திலும் சோக்கால் குறியிட்டு இடைத்தூரம் அளந்தோம். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் திரும்ப அளந்தோம். வித்தியாசம்தான் டோ. அதே குறியை அளப்பதால் ரிம் கொஞ்சம் வளைந்திருந்தாலும் பிழை வராது.

கடையில் சொல்ல வேண்டியவை:

ஒன்று, காஸ்டரும் கேம்பரும் முதலில், டோ கடைசியில். மற்ற இரண்டையும் தொட்டால் டோ மாறும். பல இடங்களில் டோவை மட்டும் திருப்பிவிட்டுக் காசு வாங்குகிறார்கள். கேம்பர் எங்கே சரிசெய்வது என்று கேளுங்கள். சில வண்டிகளில் மேற்கை பூட்டும் இடத்தில் சிம் தகடுகள், சிலவற்றில் கையின் போல்ட்டில் கேம் இருக்கும்.

இரண்டு, வழமையாக எப்படி ஓடுகிறீர்களோ அப்படி ஏற்றுங்கள். வண்டிக்குள் எப்போதும் கிடக்கும் ஜக், கயிறு, சங்கிலி எல்லாம் இருக்கட்டும். காற்று சரியாக இருக்கட்டும்.

மூன்று, ஸ்டியரிங் நேராக நிற்கும் நிலையில் பூட்டச் சொல்லுங்கள்.

நான்கு, முன்னும் பின்னுமான அளவுத் தாளை வாங்காமல் வராதீர்கள்.

எங்களுக்குக் கேம்பர் ஒரு பாகையளவு உள்ளே சாய்ந்திருந்ததை அரைப் பாகைக்குள் கொண்டுவர முடிந்தது. முழுதாக நேராக்க இடம் இருக்கவில்லை. டோ சரியாக வந்தபின் அந்த அரைப் பாகை டயருக்குப் பெரிய தீங்கு செய்யாது.

மறந்துவிடும் சில்லறை வேலைகள்

முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் ஹெட்லைட் சாயும். இரவில் சுவரில் பிடித்துச் சரிசெய்யுங்கள். எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரனின் கண்ணும் உங்கள் பொறுப்பு.

ஷொக்கின் நீளத்தைப் பாருங்கள். இறக்கிய வண்டியில் பழைய ஷொக் அடிவரை அமுங்கி இடித்தால் சீக்கிரம் ஒழுகும்.

ஒரு ரிம்மின் அடியிலிருந்து மற்ற ரிம்மின் அடிக்கு நூல் பிடியுங்கள். செசி, எண்ணெய்த் தட்டு, சைலன்ஸர் எதுவும் அந்த நூலுக்குக் கீழே தொங்கக் கூடாது. டயர் வெடித்தால் வண்டி ரிம்மில் நிற்க வேண்டும், செசி தாரில் உரசக் கூடாது. அமெரிக்காவில் லோ ரைடர் பழக்கம் வளர்ந்த கலிபோர்னியாவில் 1958 முதல் இதையே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். அதற்குத் தப்பத்தான் அங்கே மெக்சிகோ வம்சாவளிப் பொடியன்கள் ஹைட்ரோலிக் பம்ப் பூட்டி, பொலிஸைக் கண்டால் உயர்த்தவும் போனபின் இறக்கவும் பழகினார்கள். பொடியன்கள் எங்கும் பொடியன்கள்தான்.

வாகனத்தின் அமைப்பை மாற்றுகிறீர்கள் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

கடைசியாக

இறக்கி 5,000 கிலோமீற்றர் ஆன அன்று டயரின் உள், நடு, வெளித் தவாளிப்புகளின் ஆழத்தை அளந்தோம். மூன்றுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர் வித்தியாசம் கூட இல்லை. டயரின் மேல் உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் கையைத் தடவினால் இரு பக்கமும் ஒரே வழவழப்பு. ஒரு பக்கம் மட்டும் அரம்போல் கையில் குத்தினால் டோ பிழை. இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், உள்ளங்கை போதும். மாதம் ஒருதரம் செய்யுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொடியன் வண்டியை இறக்கப்போகிறேன் என்றால் "காவாலித்தனம்" என்று ஏசி அனுப்பாதீர்கள். ஏசினால் இறக்காமல் விடமாட்டான், உங்களுக்குச் சொல்லாமல் இறக்குவான். மலிவான இடத்தில், ஒரே பின்னேரத்தில், அந்தக் கம்பியைத் தொடாமல் இறக்குவான். அவனோடு கராஜுக்குக் கூடப் போங்கள். "பிரேக் வால்வை என்ன செய்வீங்க பாஸ்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாத கராஜில் வண்டியை விடாதீர்கள்.

பொடியன்களுக்கும் ஒரு வார்த்தை. கணிதப் பாடத்தில் "இது எதுக்கு சேர்?" என்று கேட்பீர்களே, இதற்குத்தான். உங்கள் வண்டிக்கு அடியில் கிடப்பது அதே முக்கோணிதான். நீங்கள் அளந்தாலும் அளக்காவிட்டாலும் அது தன் கணக்கைச் செய்துகொண்டே இருக்கும். விடையை டயரில் எழுதும், சில நேரம் வயல் வாய்க்காலில் எழுதும்.

ஊரில் யாராவது இந்த வேலைக்கு நினைத்திருந்தால், தண்ணீர் மட்டக் குழாயும் அளவுநாடாவும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு வாருங்கள், சேர்ந்து அளப்போம். கொப்பியும் பேனாவும் நீங்கள் கொண்டுவாருங்கள். கெப் ஓடும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதைப் பகிர்ந்துவிடுங்கள்.